பாலத்தில் பாடை வந்தால்

போன மாதம் பேரன் என்னை ஒரு சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். இரண்டு தெரு, இரண்டு கோஷ்டி, மீசை அரும்புகிற வயதுப் பையன்கள், எந்நேரமும் அடிதடி. இடைவேளையில், "தாத்தா, உங்க காலத்துலயும் இப்படிலாம் இருந்துச்சா?" என்று கேட்டான். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் பொங்கிக்கொண்டிருந்தது. படத்தில் ஒருவன் கையை ஓங்குகிறான், எதிராளி குட்டிக்கரணம் போட்டு விழுகிறான், எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரிக்கிறான். அடித்தவனின் விரல் முட்டி வீங்குவதை எந்த சினிமாக்காரனும் காட்டுவதில்லை. அதையாவது மன்னித்துவிடலாம். மூன்று மணி நேரப் படத்தில் ஓங்கிய கை ஒன்றுகூடக் குறி தப்பவில்லை. அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்தது கால்வாய் ஓரம். இன்று அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், அப்போது அதில் படகு வரும். சவுக்கு விறகு ஏற்றிய பெரிய படகுகள். எங்கள் கரையில் ஒரு விறகுத்தொட்டி இருந்தது. நைனா அங்கே விறகு பிளக்கிறவர். அண்ணனும் படிப்பை விட்டுவிட்டு அவரோடு கோடாலி பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதின்மூன்று. அவன் கோடாலியை இறக்கினால் கட்டை சரிபாதியாக இரண்டு பக்கமும் விழும். அதைப் பார்ப்பதற்கென்றே நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தொட்டிக்குப் போவேன்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு அசட்டு முகத்தோடு திரும்பி வந்திருந்த சமயம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்குக் கியூ. விறகோ தங்கம் விலை. படகிலிருந்து கட்டைகளை இறக்கும்போது பட்டையும் சிராயும் சுள்ளியும் உதிரும். கரையில் உதிர்ந்தது எங்கள் பையன்களுக்கு, தண்ணீரில் விழுந்தது எடுத்தவனுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. அக்கரைப் பையன்கள் நீந்தி வந்து தண்ணீரில் மிதப்பதை மட்டுமா எடுத்தார்கள்? படகைக் கையால் ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் விழ வைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு இருந்தது என்பது அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை. அங்கே ஆரம்பித்ததுதான் சண்டை.

ஒரு வருடத்தில் சுள்ளி மறந்துபோய்விட்டது. சண்டை மட்டும் மிஞ்சியது. இரண்டு கரையையும் சேர்க்கிற பாலம்தான் போர்க்களம். எங்கள் கையில் சவுக்குக் கட்டை, அவர்கள் கையில் சைக்கிள் செயின். எங்கள் கோஷ்டியில் ஒரு சோடாக்கடைக்காரர் மகன் இருந்தான். கோலி சோடா புட்டியைக் குலுக்கி எறிந்தால் விழுகிற இடத்தில் வெடிக்கும், கனத்த பச்சைக் கண்ணாடி சிதறும். ஒரு நாள் அண்ணன் அடித்த அடியில் அக்கரைப் பையன் ஒருவனின் தோள் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவது போலவே இருந்தது. அவன் கத்தவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினான். எங்கள் பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். நானும்தான். அடுத்த வாரம் செயின் என் வாயில் விழுந்து முன்பல் பாதி போயிற்று. போலீஸ்காரர்களுக்கு யுத்தத்தில் ஆயிரம் வேலை, எங்களை யார் கண்டுகொண்டார்கள்?

இவ்வளவு முரட்டுத்தனத்திலும் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுடுகாடு எங்கள் கரையில். அக்கரையில் யார் செத்தாலும் பாடை பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். பறைச் சத்தம் கேட்டுவிட்டால் யார் யாரை அடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அப்படியே நிறுத்த வேண்டும். கையில் இருப்பதைக் கீழே போட வேண்டும். பாடை போகும்வரை கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒருவன் மேல் ஒருவன் உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பாடை போனதும் மறுபடியும் படுத்து, மறுபடியும் மேலே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து குத்த ஆரம்பித்தார்கள்.

அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போவான். எந்தப் பாடை வந்தாலும் ஓடிப்போய் நாலு அடியாவது தோள் கொடுத்துவிட்டு வருவான். யார் பிணம் என்று கேட்கமாட்டான். "உனக்கு ஏன்டா இந்த வேல?" என்று அம்மா திட்டுவாள். "கனமா கீதும்மா, நாலு பேரால முடியல" என்பான். விறகு தூக்குகிறவனுக்கு எதிரே யாராவது சுமையோடு வந்தால் தோள் தானாகவே போகும் போலிருக்கிறது.

இதைக் கவனித்து வைத்திருந்தவன் அக்கரைத் தலைவன். எங்களுக்கு அவன் நெட்டையன். அண்ணன் வயதுதான், ஒரு சாண் உயரம் அதிகம். அவன் அப்பா பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். ரங்கூன் விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. வீட்டில் நெட்டையனும் அவன் அம்மாவும் மட்டும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்தது. யுத்தத்துக்காகத் தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்ததால் அந்நேரத்துக்கே மங்கல். சண்டை மும்முரமாக இருந்தபோது அக்கரையிலிருந்து பறை கேட்டது. பாடை வந்தது. பூ மாலை, ஊதுவத்திப் புகை, சங்கு, பின்னால் அழுகைச் சத்தம். முன்னால் ஒருவன் தலையில் ஈரத்துண்டைப் போட்டு முகத்தை மறைத்து, கையில் கொள்ளிச்சட்டியோடு வந்தான். தூக்கி வந்தவர்கள் எல்லோரும் பையன்கள் என்பதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். வழக்கம் கண்ணை மறைத்துவிட்டது. கட்டைகளைக் கீழே போட்டோம். அண்ணன் வழக்கம் போல ஓடிப்போய்ப் பாடைக்குக் கீழே தோளைக் கொடுத்தான்.

பிணம் எழுந்து உட்கார்ந்தது. மாலைக்குள்ளிருந்து ஒரு கை சோடா புட்டியோடு வெளியே வந்து அண்ணன் முகத்தில் இறங்கியது. அவன் நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் முழு முகமும் கிடைத்தது. அதே நொடி தூக்கி வந்தவர்கள் பாடையைத் தொப்பென்று போட்டுவிட்டு எங்கள் மேல் பாய்ந்தார்கள். கொள்ளிச்சட்டிக்காரன் சட்டியை எறிந்துவிட்டுத் துண்டை உதறினான். நெட்டையன். கையில் எதுவும் இல்லாமல் நின்ற எங்களை அடித்துத் துவைத்தார்கள். நெருப்புத் துண்டுகள் பாலமெல்லாம் உருண்டன. சிரிப்பும் கத்தலும் பறையும் ஒரே சமயத்தில் கேட்டன. அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்குகளில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் போய் அவன் கையை விலக்கினேன். விலக்கியிருக்கக் கூடாது.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தைத்து மூடி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நெட்டையனின் அம்மா பாலத்தைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தாள். ஒல்லியான பொம்பளை, முன்கையில் தேள் பச்சை குத்தியிருந்தாள். நைந்த முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். "நான் பெத்தது பண்ணிடுச்சு தாயி. என்ன இன்னா வேணா திட்டு. அவன சபிக்காத" என்றாள்.

அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு போயிருக்கும். "உனக்குக் கொள்ளி வெக்கத்தான் இப்பவே சட்டி தூக்கிப் பழகிக்கினானாடி உம் புள்ள?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். அந்தப் பொம்பளை அந்த வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். போகும்போது உள்ளே பாயில் படுத்திருந்த அண்ணனை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். அவன் கட்டுப் போடாத கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகுதான் போனது கண் மட்டும் இல்லை என்று தெரிந்தது. தண்ணீர் ஊற்றினால் லோட்டாவுக்குப் பக்கத்தில் ஊற்றினான். தொட்டிக்குப் போய்க் கோடாலியை ஓங்கினான், கட்டைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் மண்ணில் இறங்கியது. இரண்டாம் தரம் அந்தப் பக்கம். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. நைனா, "பழகிடும்டா" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் விடவில்லை. பகலெல்லாம் ஓங்கி ஓங்கித் தப்ப விட்டுக்கொண்டிருந்தான். யாரோடும் பேசவில்லை.

எங்கள் பையன்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். "இனிமே பாலத்துல பொணமாவது மண்ணாங்கட்டியாவது. பற சத்தம் கேட்டா மொதல்ல புட்டிதான்" என்றான் சோடாக்கடைக்காரர் மகன். எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அம்மாவுக்கு வேறு பயம். அண்ணனுடைய மௌனம் அவளுக்குப் பிடிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்து, "டேய், அவன் கோடாலியோட தொட்டிய விட்டு வெளிய வந்தான்னா, நீ எங்க இருந்தாலும் எங்கிட்ட ஓடியா. அந்தப் பையன வெட்டிட்டு இவன் தூக்குல தொங்கப்போறான். இன்னா, காதுல வுழுதா?" என்றாள். அன்றிலிருந்து நான் அண்ணனின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா சொன்னதற்காக மட்டும் இல்லை. எனக்கும் அதே பயம்தான்.

மழைக்குப் பின்னால் அக்கரையில் வாந்திபேதி வந்தது. அது எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஒரு நாள் மத்தியானம் பறை கேட்டது. தொட்டியிலிருந்து பாலம் நன்றாகத் தெரியும். பாடை வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் யாரும் இல்லை, அதே பையன்கள். முன்னால் அதே நெட்டையன், தலையில் அதே மாதிரி ஈரத்துண்டு, கையில் அதே மாதிரி கொள்ளிச்சட்டி. ஒரே நாடகத்தை இரண்டாம் தரம் போட வருகிறார்களே, என்ன திமிர் என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் பையன்கள் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பதுங்கினார்கள். அண்ணன் கோடாலியோடு எழுந்தான்.

நான் அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் அவன் லுங்கியைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னை இழுத்துக்கொண்டே நடந்தான்.

முதல் புட்டி பறை அடித்தவனின் காலடியில் வெடித்தது. பறை நின்றது. அடுத்து கற்களும் புட்டிகளும் ஒன்றாகப் பறந்தன. முன்வரிசையில் தூக்கி வந்த ஒருவனின் நெற்றி பிளந்தது. இன்னொருவன் காதைக் கிழித்துக்கொண்டு கண்ணாடி போயிற்று. அவர்கள் பாடையைப் போட்டுவிட்டுப் பாயப்போகிறார்கள் என்று எங்கள் பையன்கள் கட்டைகளை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் போடவில்லை. ரத்தம் கண்ணில் இறங்கியும் ஒருவனும் மூங்கிலை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஒரு கல் நெட்டையனின் மணிக்கட்டில் விழுந்தது. சட்டி சாய்ந்து நெருப்பு அவன் மார்பில் கொட்டியது. அவன் சட்டியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். "டேய், வேணாண்டா, நெஜண்டா, எங்கம்மாடா!" என்று கத்தினான். அந்தக் குரலை இன்றுவரை நான் மறக்கவில்லை. ஆனால் எங்களில் யாரும் அதை நம்பவில்லை. போன தரம் அழுகைக்கும் ஆள் வைத்திருந்தார்கள்.

நெற்றி பிளந்தவன் முட்டி மடங்கி உட்கார்ந்தான். பாடை அந்தப் பக்கம் சரிந்தது. மாலைக்குள்ளிருந்து ஒரு கை நழுவி வெளியே தொங்கியது. மஞ்சள் பூசிய ஒல்லிக் கை. முன்கையில் தேள்.

எறிகிற கைகள் நின்றுவிட்டன. கடைசியாக யாரோ எறிந்திருந்த ஒரு கல் மட்டும் பாடையின் மூங்கிலில் பட்டுத் துள்ளி கால்வாயில் விழுந்தது. நெட்டையன் மார்பு வெந்து சட்டியோடு நின்றான். அண்ணன் அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். என் கையில் லுங்கியின் முனை கிழிந்து வந்துவிட்டது. கோடாலி அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நெட்டையன் அதைப் பார்த்தான், நகரவில்லை. கொள்ளிச்சட்டி முன்னால் போகாமல் பாடை போகாது.

அண்ணன் அவனைத் தாண்டிப் போனான். கோடாலியைப் பின்னால் நீட்டி, "பிடிடா" என்று என்னிடம் கொடுத்தான். முட்டி போட்டிருந்தவனிடம், "நவுரு" என்றான். மூங்கிலைப் பிடிக்கப் போன அவன் கை முதல் தரம் காற்றைப் பிடித்தது. துழாவிப் பிடித்துத் தோளில் ஏற்றினான். தொங்கிய கையை எடுத்து மாலைக்குள் வைத்தான். "நட" என்றான் நெட்டையனிடம்.

பாடை நகர்ந்தது. நான் கோடாலியோடு பின்னால் போனேன். எங்கள் பையன்கள் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். சோடாக்கடைக்காரர் மகன் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, கையில் இன்னொரு புட்டி இருந்ததைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

வாந்திபேதிப் பிணம் என்று பெரியவர்கள் யாரும் வரவில்லை. சுடுகாட்டில் விறகு போதவில்லை. அவர்கள் சாக்கில் கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்தேன். பட்டை, சிராய், சுள்ளி. எங்கள் கரையில் உதிர்ந்தது, நாங்கள் தோளெலும்பை முறித்துக் காத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பூனையைக்கூட எரிக்க முடியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. பின்னாலேயே நைனா கைவண்டியில் சவுக்குக் கட்டைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். கட்டைகள் பிளக்காமல் முழுசாக இருந்தன. அண்ணன் என்னிடமிருந்து கோடாலியை வாங்கினான்.

ஓங்கினான். மண்ணில் இறங்கியது. மறுபடி ஓங்கினான், கட்டையின் ஓரம் மட்டும் சில்லு பறந்தது. நைனா கோடாலிக்குக் கை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் பல தரம் தப்பவிட்டுத்தான் பிளந்தான். நெட்டையன் சட்டியோடு நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் அம்மாவைப் பார்க்கவில்லை. கோடாலி மண்ணில் இறங்கும்போதெல்லாம் அவன் முகம் சுருங்கியது. கொள்ளி வைத்தான். எரிந்தது.

எல்லோரும் கால்வாயில் முழுகி எழுந்து பாலத்துக்கு வந்தோம். எங்கள் பையன்கள் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள். நடுப்பாலத்தில் அண்ணன் நின்றான்.

"வேல ஆச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சு" என்றான் நெட்டையன்.

"அப்ப நில்லு."

நெட்டையன் நின்றான். சுடுகாட்டில் மழித்த மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அண்ணன் வலது கையை முழுசாகப் பின்னுக்கு இழுத்து, இத்தனை நாளும் பேசாமல் சேர்த்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் போட்டு ஒரு குத்து விட்டான். கை நெட்டையன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வெறும் காற்றைக் குத்திவிட்டுப் போயிற்று. அந்த வேகத்தில் அண்ணன் தடுமாறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றான்.

இரண்டு கரைப் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அவனைக் கடித்தே கொன்றிருப்பேன்.

நெட்டையன் ஓர் எட்டு முன்னால் வைத்தான். கொஞ்சம் குனிந்து, முகத்தை அண்ணனுக்கு நேராகக் கொண்டுவந்தான். "இங்க கீறேன் பாரு. இப்ப அடி" என்றான்.

அண்ணன் அடித்தான். உதடு கிழிந்து, ஒரு பல் தரையில் விழுந்தது. நெட்டையன் விழுந்து எழுந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அக்கரைக்கு நடந்தான்.

அன்றோடு சண்டை ஓய்ந்தது என்று சொன்னால் அது சினிமா. பொங்கலுக்கு முன்பே இரண்டு மண்டை உடைந்தது. ஆனால் பாலத்தில் பாடை வந்தால் நிறுத்தினோம்.

அன்று சாயங்காலம் அம்மா அண்ணனின் விரல் முட்டிகளுக்கு மஞ்சள் பத்துப் போட்டாள். முட்டி பல்லில் கிழிந்து வீங்கியிருந்தது. யாருடைய பாடை போயிற்று என்று தெருவில் எல்லோரும் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். விளக்குமாறு கதவுக்குப் பின்னால் இருந்தது, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அழாத அண்ணன் அப்போதுதான் அழுதான். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

"எனக்கு எட்டலம்மா," என்றான். "அவனே மூஞ்சிய கொண்டாந்து குடுத்தான்."

அம்மா அடுத்த விரலுக்குப் பத்துப் போட்டாள்.